மல்கியாவுக்குப் பின் ஒரு மூச்சு

பாபிலோன் தேசத்தில், எருசலேமிலிருந்து சிறைபிடித்து வந்தவர்களைக் குடிவைத்திருந்த வாய்க்கால் கரையில், உச்சி வெயிலுக்கு யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். இருட்டுக்குக்கூடப் பயப்படாத ஜனம் அது. நண்பகலுக்குப் பயப்படும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுகிற அந்த நேரத்தில், ஆள் இல்லாத இடத்தில் பேச்சுக்குரல் கேட்கும் என்பார்கள். சும்மா சொன்னதில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மல்கியா தன் குருவின் குடிசை வாசலில் வந்து நின்றான்.

குரு யோவாக்குக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. சீடன் மல்கியாவுக்குத் தாடி பாதி நரைத்துவிட்டது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் குடியிருப்பில் இருந்த எல்லாக் குடும்பங்களின் தலைமுறைப் பெயர்களும் குருவின் நாவில் இருந்தன. அவருடைய தகப்பன் சாகிறவரைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவை. ஊர் போச்சு, ஆலயம் போச்சு, நிலம் போச்சு, பெயர்கள்தான் மிச்சம். அதைச் சொல்லித்தருகிறவரைக் குரு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? மல்கியா அவரை ஐயா என்பான். அவர் மல்கியாவை அண்ணே என்பார்.

"என்ன அண்ணே, இந்த வெயில்ல?"

"ஒரு கேள்வி ஐயா. முடிஞ்சுபோன வம்சத்தை எதுக்குச் சொல்லணும்?"

"யாரு வம்சம் முடிஞ்சது?"

"என்னுதுதான்."

குரு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு உங்க பிள்ளைக்குப் பேர் சொல்ற நாள். ஊரே விருந்துக்குக் காத்திருக்கு. நீங்க என்னடான்னா வம்சம் முடிஞ்சதுன்னு வந்து நிக்கிறீங்க."

மல்கியா அங்கே வந்ததே வீட்டில் இருக்க முடியாமல்தான்.

காலையிலேயே அவன் மனைவி திர்சாள் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பேர் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"பார்க்கலாம்."

"பார்க்கிறதுக்கு இது என்ன ஆட்டுச் சந்தையா?"

அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. பிள்ளை பிறந்த எட்டாம் நாள், தகப்பன் சபைக்கு முன்னால் நின்று தன் வம்சத்தைச் சொல்லி, பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாய்க்கால் கண்காணி வந்து பெயர் வைப்பான். தன் சாமியின் பெயரை வைப்பான். அதன் பிறகு அந்தப் பிள்ளை வாய்க்காலுக்குச் சொந்தம், மண்வெட்டி மாதிரி, கூடை மாதிரி. அப்படி வளர்ந்த பையன்கள் கரையில் இருந்தார்கள். பெற்றவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கண்காணி சீட்டியடித்தால் எல்லாரும் ஒன்றாகத் தலையைத் திருப்புவார்கள். அவர்கள் எதிரே வந்தால் பெரியவர்களே ஒதுங்கி வழி விடுவார்கள்.

"பேர் சொல்ல வாய் வராத மனுஷனுக்குப் பிள்ளை எதுக்கு?" என்று திர்சாள் அழுதாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் மல்கியா ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவன். மூத்தவன் யாமின், இளையவன் ஓரேன். எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை உட்கார்ந்திருந்த காலத்தில் அவனுடைய முதல் மனைவியும் அந்த இரண்டு பையன்களும் பசியில் போய்விட்டார்கள். பிள்ளைகள் செத்தது திர்சாளுக்குத் தெரியும். அவர்களுடைய பெயர்கள் தெரியாது. ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து மல்கியா அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூடச் சொன்னதில்லை.

"பேர் வச்சா கூப்பிடணும் ஐயா," என்றான் குருவிடம். "கூப்பிட்டா வரணும். கூப்பிட்டும் வராத ரெண்டு பேரைப் பெத்தவன் நான். இன்னொரு தடவை என்னால முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

"அதனால?"

"என் முன்னோர் பேரையெல்லாம் ஒழுங்காப் படிச்சுக்கிறேன். என் பேரோட முடிச்சுக்கிறேன். ராஜாவையே பாருங்களேன். இங்கே சிறையில கிடக்கிற எகொனியா ராஜாவைப் பிள்ளையில்லாதவன்னு எழுதச் சொல்லிட்டார் தீர்க்கதரிசி. தாவீது வம்சமே அந்தச் சிறையோட முடிஞ்சது. வாய்க்கால்ல சேறு அள்ளுற நான் எம்மாத்திரம்?"

"அரண்மனையில எண்ணெய் அளக்கிறவன் போன மாசம் சந்தைக்கு வந்தானே, அவன் சொன்னதைக் கேக்கலையா?"

"என்ன சொன்னான்?"

"சிறைக்கு எண்ணெய் போகுதாம். ராஜாவுக்கு ஒரு அளவு. ராஜாவோட பிள்ளைங்களுக்கு ஒரு அளவு."

"பிள்ளைங்களா!"

"பிள்ளைங்கதான்."

"அப்போ தீர்க்கதரிசி சொன்னது பொய்யா ஐயா?"

"அது எனக்குத் தெரியாது. இல்லாத பிள்ளைக்கு எவனும் எண்ணெய் அளக்கமாட்டான். அது மட்டும் தெரியும்."

மல்கியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராஜா வீட்டு எண்ணெய் தன் வீட்டு விளக்குக்கு ஆகுமா என்று முணுமுணுத்தான்.

"சரி, உங்க வம்சத்தைச் சொல்லுங்க."

மல்கியா மேற்கே, எருசலேம் இருந்த திசை பார்த்து நின்றான். "மல்கியா, செமாயாவின் மகன். செமாயா, யோராவின் மகன். யோரா, அசரியாவின் மகன்..."

"போதும். கீழேயிருந்து மேலே ஏறுறீங்க."

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எருசலேமில் அப்படிச் சொன்னதில்லை. அங்கே பெயர்கள் மேலிருந்து கீழே வரும். வீட்டு ஆண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். எல்லாருக்கும் மூத்தவர் முன்னோர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, தன் பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்துவார். அவருக்குப் பின்னால் நிற்கிற மகன் தன் பெயரைச் சொல்லி, அவனும் ஒரு மூச்சு நிறுத்துவான். அவனுக்குப் பின்னால் அவன் மகன். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. தனக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முற்றுகைக்குப் பிறகு அந்த ஒரு மூச்சை யாராலும் தாங்க முடியவில்லை. தகப்பன் தன் பெயரைச் சொல்லி நிறுத்துவான். பின்னால் ஒன்றும் கேட்காது. நின்றபடியே சரிந்து விழுந்தவர்கள் உண்டு. அதனால் யாரோ ஒரு புண்ணியவான் வரிசையைக் கவிழ்த்துப் போட்டான். தன் பெயரில் ஆரம்பித்து, அப்பன், பாட்டன் என்று ஆதாம்வரைக்கும் ஏறிவிட்டால் எங்கேயும் நிறுத்திக் காதுகொடுக்க வேண்டியதில்லை. ஊருக்கே அது சௌகரியமாகப் போயிற்று. கொஞ்ச காலத்தில் அதுதான் ஆதிகால வழக்கம் என்று சண்டை போடவும் ஆள் வந்துவிட்டார்கள்.

"மேலேயிருந்து சொல்லுங்க அண்ணே."

"வேண்டாம் ஐயா."

"இங்கே வேண்டாம். வாங்க என்கூட."

குரு வெயிலில் இறங்கி நடந்தார். மல்கியாவும் வேறு வழியில்லாமல் பின்னால் போனான்.

குடியிருப்புக்குத் தெற்கே ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. அதில் தண்ணீர் நின்று எத்தனையோ ராஜாக்களின் காலம் ஆகிவிட்டது. செத்த வாய்க்கால் என்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை, ஆடுகள் இறங்க மறுக்கும். இரண்டு கரையும் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்க, நடுவில் வெடித்துக் காய்ந்த சேறு நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. கரைமேல் நாணல் பட்டுப்போய் நின்றது. காற்று கொஞ்சமும் இல்லை. ஆனாலும் நாணல் முழுவதும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது, யாரோ பேசப்போவதை எட்டிக் கேட்கிற மாதிரி.

"எங்கப்பா ராஜாவோட முதல் கூட்டத்துல சங்கிலியில வந்தவர்," என்றார் குரு. "தன்னந்தனியா வந்தார். அவர் காட்டின இடம் இது."

வாய்க்காலுக்குள் மல்கியாவை நிறுத்திவிட்டு, குரு அவனுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்றார்.

"என் வாயைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. அப்புறம் நான்தான் பேசினேன்னு சொல்லக்கூடாது. பின்னாடி திரும்பாதீங்க."

"பின்னாடி என்ன இருக்கு ஐயா?"

"சொல்லுங்க."

மல்கியா குலத்தின் மூத்த பெயரிலிருந்து ஆரம்பித்தான். அந்தக் காலத்து வழக்கப்படி, ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு மூச்சு நிறுத்தினான்.

"பெலத்தியா."

ஒன்றும் இல்லை. வெயில்தான் காதில் ரீங்காரம் போட்டது.

"அசரியா."

முதுகுக்குப் பின்னால் எங்கேயோ சேற்றுப் பொருக்கு ஒன்று நொறுங்கியது.

"யோரா."

இன்னொன்று நொறுங்கியது, இன்னும் பக்கத்தில். மல்கியா குருவின் முகத்தைப் பார்த்தான். குரு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குப் பின்னால் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறார் என்று மல்கியாவுக்குத் தோன்றியது.

"செமாயா."

அது அவன் தகப்பன் பெயர். அந்த வெயிலிலும் முதுகு சில்லிட்டது. வரிசையில் நிற்கும்போது பின்னால் ஆள் வந்து சேர்ந்தால் தெரியுமே, அப்படித் தெரிந்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தான்.

"மல்கியா," என்று தன் பெயரைச் சொல்லி நிறுத்தினான்.

ஒரு மூச்சு.

சத்தம் இல்லை. எருசலேமில் கடைசி மாதங்களில் வீடு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது அந்த அமைதி. பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிட்ட பிறகு இருந்த அமைதி. அவனுக்குக் கண்ணீர் முட்டியது. அவ்வளவுதான், பார்த்தீர்களா ஐயா என்று சொல்ல வாயெடுத்தான்.

அவனுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு ஆண்குரல் சொன்னது.

"எலியாசிப்."

நடுவயதுக்காரனின் குரல். நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். மல்கியாவுக்கு உச்சந்தலைவரை சிலிர்த்தது. குருவின் வாய் மூடியே இருந்தது.

எலியாசிப் என்றால், தேவன் திரும்பத் தருவார் என்று அர்த்தம். அந்தக் குடியிருப்பில் அந்தப் பெயர் ஒருத்தருக்கும் கிடையாது. அதை வைக்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. வைத்திருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

அந்தக் குரலும் ஒரு மூச்சு நிறுத்தியது. அது மூச்சு விடுவது மல்கியாவின் பிடரியில் பட்டது. அதுவும் தனக்குப் பின்னால் யாருக்காகவோ காத்திருந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளி, சின்னப் பையனின் குரல் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது.

"யாமின்!"

"டேய், என் கண்ணு!" என்று அலறிக்கொண்டு மல்கியா திரும்பினான்.

யாரும் இல்லை. வாய்க்கால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறிச்சென்று கிடந்தது. காய்ந்த சேற்றில் ஒரு காலடியும் இல்லை. நாணல் மட்டும் இப்போது நிமிர்ந்து நின்றது.

"திரும்பாதீங்கன்னு சொன்னேனே அண்ணே. வரிசை நின்னுபோச்சு. இன்னும் எத்தனை பேர் இருந்தாங்களோ."

மல்கியா சேற்றில் மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "என் மூத்தவன் ஐயா அவன்! செத்தும் என்னைத் தேடி வந்திருக்கான். இன்னும் பசியோட இருப்பான். நான் இங்கே உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கேனே, நான் ஒரு மனுஷனா?"

குரு அவனைக் கொஞ்சம் அழவிட்டார். பிறகு கேட்டார்.

"முதல்ல பேசினது யாரு?"

"எலியாசிப்னு யாரோ."

"உங்க முதுகுக்குப் பின்னாடி யாரு நிக்கணும்?"

"என் மூத்தவன்."

"உங்க யாமினா இருந்தா, அவன்தானே முதல்ல பேசியிருக்கணும்? நடுவுல ஒரு ஆள் எப்படி வந்தான்?"

மல்கியாவுக்கு அழுகை பாதியில் நின்றது. குரு கரையேறி வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது திர்சாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் அழுத முகம் இன்னும் வீங்கியிருந்தது.

"யாமின்னு ஒரு பேர் நான் எப்பவாவது உன்கிட்டச் சொல்லியிருக்கேனா? தூக்கத்துலயாவது?"

"இல்லையே. யாரு அது?"

அவன் சொன்னான். யாமின் என்றும் ஓரேன் என்றும் சொன்னான். யாமினுக்கு முன்பல் விழுந்திருந்ததையும், ஓரேன் எதையும் பங்குபோடாமல் தின்னமாட்டான் என்பதையும், கடைசியில் பங்குபோட ஒன்றும் இல்லாமல் போனதையும் சொன்னான். இத்தனை வருஷம் அடைத்துவைத்தது அத்தனையும் வந்தது. முடிந்ததும் திர்சாள் பிள்ளையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பிறந்த நாளிலிருந்து அன்றுதான் அவன் அதைத் தொட்டான்.

பிள்ளை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தது. மல்கியா திரும்பவில்லை.

மறுநாள் சபை கூடியது. பேரீச்சமரத்தடியில் கண்காணி காலை அகட்டிக்கொண்டு நின்றான். மல்கியா பெயர் சொல்லமாட்டான் என்று அவனுக்கும் செய்தி போயிருந்தது. திர்சாள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

மல்கியா எல்லாருக்கும் முன்னால் போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"பெலத்தியா," என்று ஆரம்பித்து ஒரு மூச்சு நிறுத்தினான்.

"அடப்பாவி, தலைகீழாச் சொல்றானே!" என்றார் ஒருவர்.

"முன்னோர் வழக்கத்தைக் கெடுக்காதேப்பா!" என்றார் இன்னொருவர்.

"அசரியா. யோரா. செமாயா." கூச்சல் அடங்கிப்போனது. அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மல்கியா."

ஒரு மூச்சு. மல்கியா காத்திருந்தான். பின்னால் சேறு நொறுங்கவில்லை. பிடரியில் மூச்சுப் படவில்லை. ஒரு குரலும் வரவில்லை. நேற்று கேட்டது வெயிலில் மூளை கலங்கிக் கேட்டதுதானோ என்று அவனுக்குத் தோன்றியது.

"ஆச்சா?" என்று கண்காணி ஒரு எட்டு முன்னால் வைத்தான். "பிள்ளையை இப்படிக் கொடு."

"ஏங்க!" என்று திர்சாள் வீறிட்டாள்.

பிள்ளையும் வீறிட்டது. மல்கியாவின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வார்த்தை தெரியாத அழுகை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நேற்றுப் பேசிய குரலுக்கு இன்றைக்குப் பேசத் தெரியாது. அதற்கு வயது எட்டு நாள்தான். துள்ளிக்கொண்டு வந்த யாமின், செத்த அண்ணனின் பெயரோடு இனிமேல் இவனுக்குப் பிறக்கப்போகிறவன்.

அவன் திரும்பி, திர்சாளிடமிருந்து பிள்ளையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினான்.

"எலியாசிப்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "மல்கியாவுக்கு மகன் எலியாசிப்!"

யாரும் சிரிக்கவில்லை. கண்காணி காறித் துப்பிவிட்டுப் போனான். திர்சாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கூட்டத்தின் பின்வரிசையில், பிள்ளைகளை இழந்த ஒரு கிழவர், நடுங்குகிற குரலில் தன் குலத்தை மேலிருந்து சொல்ல ஆரம்பித்தார். தன் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் காதுகொடுத்து நின்றார்.

விருந்தெல்லாம் முடிந்த பிறகு மல்கியா குருவைத் தேடிப் போனான்.

"ஐயா, நேத்து அங்கே பேசினது செத்தவங்களா?"

"செத்தவங்க பேசி நான் கேட்டதில்லை அண்ணே."

"பின்னே யாரு? நீங்க எப்படி அவ்வளவு உறுதியாக் கூட்டிட்டுப் போனீங்க?"

குரு செத்த வாய்க்கால் இருந்த பக்கம் பார்த்தார்.

"எங்கப்பா அங்கே ஒத்தையா நின்னு, தன் பேரைச் சொல்லி நிறுத்தினார். பின்னாடியிருந்து பதில் சொன்னது நான்தான். அப்போ எங்கம்மாவுக்குக் கல்யாணமே ஆகலை."